லாரிக்கு வைத்த நெற்றிப் பலகை

குன்றாண்டார்கோவில்
3-2-1956

என் அக்காள் மகள், டீச்சர் அம்மா செங்கமலத்துக்கு மாமன் ஆண்டிச்சாமி எழுதுவது. நான், உன் அத்தை அழகி, கறவை மாடு, லாரி எல்லோரும் சுகம். நீயும் உன் வயிற்றில் இருக்கிறதும் சுகம் என்று ஆவூரிலிருந்து சேதி வந்தால் இன்னும் சுகம்.

உன் வீட்டுக்காரர் ரெங்கராஜ் மாப்பிள்ளை என் லாரிக்கு டிரைவராக வந்ததிலிருந்து நம் பேர் எங்கேயோ போய்விட்டது. கட்டுமாவடிக்குக் கடலை மூட்டை கொண்டுபோய், கருவாடும் உப்பும் ஏற்றி வருகிற லாரிகளில் ஆண்டிச்சாமி லாரிதான் முதல் என்று அறந்தாங்கியில் பேசிக்கொள்கிறார்கள். நான் பேசச் சொல்லவில்லை. அவர்களாகப் பேசுகிறார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு வெயில். காலையில் கிழக்கே போகிறோம், சூரியன் எதிரே. சாயங்காலம் மேற்கே திரும்புகிறோம், மறுபடியும் எதிரே. மாப்பிள்ளைக்குக் கண் இரண்டும் கோவைப் பழம். முந்தாநாள் அறந்தாங்கிக்கு அங்கிட்டு ஒரு மாட்டு வண்டியைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தார். நான் இடது பக்கம் உட்கார்ந்து "வண்டி" என்று ஒரு சத்தம் கொடுத்தேன் பார், அந்த மாடுகளே நின்று திரும்பி எனக்குத் தலையாட்டிவிட்டுப் போயின.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மெட்ராஸ் லாரிகளில் முன்கண்ணாடிக்கு மேலே, வெளிப்பக்கம், தொப்பி முனை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். இங்கிலீஷில் வைசர் என்கிறார்கள். நான் நெற்றிப் பலகை என்று பெயர் வைத்தேன். இப்போது திருச்சி வரைக்கும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

எதில் செய்வது என்பதுதான் கேள்வி. "தகரத்துல போட்டுருவோம் மாமா, சீக்கிரம் முடியும்" என்றார் மாப்பிள்ளை. "தகரத்த மாட்டுனா ஓடுறப்ப மேளம் அடிச்ச மாதிரி இருக்கும் மாப்ள. நம்ம என்ன கல்யாணத்துக்கா போறோம்" என்றேன். கித்தான் துணி என்றால் காற்றில் படபடக்கும். ஒட்டுப் பலகை ஒரு மழைக்கு அப்பளம். பழைய தேக்கு கிடைத்தால் அதுதான் ராஜா. முன்னால் ஒரு முழம் நீள வேண்டும். கூடினால் காற்றுப் பிடித்துப் பின்னால் இழுக்கும், குறைந்தால் நிழல் மூக்கோடு நின்றுவிடும். இதெல்லாம் நான் மூன்றாம் பாரம் படித்த கணக்கில் போட்டது.

இப்படிக்கு,
லாரி ஓனர் பெ. ஆண்டிச்சாமி


ஆவூர்
12-2-1956

மாமா அவர்களுக்குச் செங்கமலத்தின் வணக்கம். வாந்தி நின்றுவிட்டது. புளியங்காய் ஆசைதான் நிற்கவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே. கறவை மாட்டுக்குக் கொடுத்த இடத்தில் பாதி அத்தைக்குக் கொடுக்கக் கூடாதா.

பக்கத்து வீட்டு அடைக்கலமேரி டீச்சர் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாங்கிப் படித்தார். "ஒங்க மாமாவப் பாத்து மாடு தலையாட்டுச்சா, இல்ல மாட்டப் பாத்து ஒங்க மாமா தலையாட்டுனாரா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் மாப்பிள்ளை கண்ணுக்கு எதிரே மாட்டு வண்டி தெரியாமல் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சுற்றி நீங்கள் என்ன வேடிக்கை கட்டினாலும் அந்த ஒரு வரி அப்படியேதான் இருக்கிறது.

மாமா, எனக்கு நகை வேண்டாம், பட்டு வேண்டாம். பிள்ளை பிறக்கிற நேரத்தில் அவர்கள் முழுசாக என் பக்கத்தில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான். நல்ல நிழலாகப் பார்த்து வையுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த கடிதத்தில் அவர்கள் கையால் ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்,
செங்கமலம்


குன்றாண்டார்கோவில்
25-2-1956

மருமகள் செங்கமலத்துக்கு மாமனின் ஆசி. உன் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்தது. நான் சொன்ன எண்ணெயில் குறைந்தது. அவள் வேறு ஏதோ எண்ணெய் என்கிறாள், நம்பாதே.

நெற்றிப் பலகை கிடைத்துவிட்டது. எங்கே தெரியுமா, உன் வாசலுக்குப் பக்கத்திலேயே. ஆவூருக்குத் தெற்கே சூசையபுரம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறதே, அங்கே கூரை ஓட்டுச் சுமை இறக்கப் போனோம். ஆசாரி பட்டறைச் சுவரில் சாத்தி வைத்திருந்தது. ஆள் நீளம், நடுவே மேடு தட்டி இரண்டு பக்கமும் சரிவு, எண்ணெய் குடித்துக் கறுத்த தேக்கு. லாரியின் நெற்றிக்கு அளவெடுத்துச் செய்தது போல.

"இது என்ன ஆசாரி?"

"மூடிங்க. பழசு. புதுசு செஞ்சு குடுத்தாச்சு. இத அடுப்புல வச்சுரச் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு வரல."

"எதுக்கு மூடி?"

அவர் இழைப்புளியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். "பெட்டிக்குத்தாங்க" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அரண்மனைச் சாமான். பெட்டகத்து மூடி. வெளியே சொன்னால் அவருக்கு வம்பு. நான் அதற்குமேல் கேட்கவில்லை. தூக்கி ஏற்றும்போது அவராக ஒன்று சொன்னார். "கொண்டு போங்க. ஆனா இதுக்குக் கீழ எடத்த வெறுமனே வுட்டுறாதீங்க."

"லாரில வெறும் எடம் ஏதுங்க. ஒரு பக்கம் மாப்ள, ஒரு பக்கம் நான். நிக்கவே எடம் இருக்காது" என்றேன்.

"அப்பச் சரி" என்றார்.

மேல்பக்கம் பூராவும் மெழுகு உருகிச் சொட்டுச் சொட்டாகப் படிந்திருந்தது. மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க அந்தக் காலத்து ஆட்கள் பூசியிருக்கிறார்கள், எவ்வளவு அறிவு பார். நாலு மூலையிலும் இரும்பு வளையம். கீரனூர்க் கொல்லன் ராக்கன் அந்த வளையத்திலேயே போல்ட்டுக் கொடுத்து இரும்புப் பட்டையில் முடுக்கிவிட்டான். போல்ட்டுக்கு அடியில் பழைய டியூபை வெட்டி வைத்தோம், அதிராது. கூரைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து விட்டோம், காற்று அந்த வழியாகப் போய்விடும். ராக்கன் ஒரு பக்கம் சற்றே தாழ்த்திவிட்டான். நான் கீழே நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துச் சரி செய்தேன்.

மாப்பிள்ளை எழுத வேண்டுமாம், இடம் விடுகிறேன்.

செங்கமலம், கண் பரவாயில்லை. நிழல் நன்றாக இருக்கிறது. பங்குனிக் கடைசியில் வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். ரெங்கராஜ்.

இப்படிக்கு,
நெற்றிப் பலகை வைத்த முதல் ஆள்,
ஆண்டிச்சாமி


குன்றாண்டார்கோவில்
8-3-1956

செங்கமலத்துக்கு மாமன் எழுதுவது. உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். சுகத்துக்குக் குறைவில்லை, பேருக்கும் குறைவில்லை.

பலகை வைத்ததிலிருந்து லாரிக்கு உள்ளே ஊட்டி. பொய் இல்லை. வெளியே தார் உருகுகிறது, உள்ளே எனக்குத் துண்டைப் போர்த்திக்கொள்ளத் தோன்றுகிறது. மாப்பிள்ளை உச்சி வெயிலில் போர்வை போர்த்தி ஓட்டுகிறார். இன்னொன்று கேள். சூரியன் எங்கே இருந்தாலும் நிழல் எங்கள் இரண்டு பேர் மேலும் ஒரே அளவில் விழுகிறது. காலையிலும் மடிவரை, மத்தியானமும் மடிவரை. நான் வைத்த சரிவு அப்படி.

மரியாதையைச் சொல்கிறேன். போன வாரம் உன் பக்கம் ஓட்டுச் சுமை கொண்டு வந்தோம். நேரமாகிவிட்டதால் உன்னைப் பார்க்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. சூசையபுரத்துக்குள் லாரி நுழைந்தது. ரோட்டோரம் நின்ற பெரியவர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கிணற்றடியில் உட்கார்ந்திருந்த பெண்டுகள் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர் லாரி போகிற வரைக்கும் தலையைக் குனிந்தே இருந்தார். கலெக்டருக்கு உண்டா இது? நான் வெளியே கையை நீட்டி "இருங்க இருங்க, ஒக்காருங்க" என்றேன். யாரும் உட்காரவில்லை.

"மாமா, இவுக நம்மளப் பாத்தா நிக்கிறாக? நமக்கு மேல எதையோ பாக்குறாக" என்றார் மாப்பிள்ளை. அவருக்குக் கூச்ச சுபாவம்.

லாரிக்கும் ஒரு தனிக் கம்பீரம் வந்திருக்கிறது. காலியாக வரும்போதும் சுமை ஏற்றினது போல அழுந்தி வருகிறது. ஸ்பிரிங் பட்டை தாழ்ந்தே இருக்கிறது. குலுக்கல் இல்லை, பல்லக்கு மாதிரி.

மாப்பிள்ளை இன்று எழுதவில்லை. அசதி.

இப்படிக்கு,
ஆண்டிச்சாமி, லாரி ஓனர்


ஆவூர்
15-3-1956

மாமா அவர்களுக்கு வணக்கம். நான் நலம். அத்தைக்குப் புளியங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன், பஸ் கண்டக்டரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பங்குனி வெயிலில் ஒருவருக்குப் போர்வை கேட்கிறது என்றால் அது நிழலா, காய்ச்சலா? பக்கத்தில் இருக்கிற உங்களுக்குத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையா?

அந்தக் கடிதத்தை அடைக்கலமேரி டீச்சரிடம் கொடுத்தேன். துண்டை எடுத்தார்கள், எழுந்து நின்றார்கள் என்ற இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "எங்க ஆளுங்க ரோட்டுல ஒரு வண்டிக்கு எந்திரிச்சு நிக்க மாட்டாங்களே" என்றார். அவர் பிறந்த ஊரே சூசையபுரம்தான். ஈஸ்டருக்குப் போகும்போது விசாரித்து வருகிறேன் என்றிருக்கிறார்.

நீங்கள் பெருமைக்காகச் சேர்த்து எழுதியிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் மாமா. கோபித்துக்கொள்ள மாட்டேன், நிம்மதியாக இருப்பேன். உண்மை என்றால் அவர்களைக் கொஞ்ச நாள் இறக்கி இங்கே அனுப்புங்கள்.

செங்கமலம்


அறந்தாங்கி
24-3-1956

மருமகளுக்கு மாமனின் ஆசி. ஊறுகாய் வந்தது. அத்தை எனக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறாள், அவ்வளவு ருசி.

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தது உண்மை. இப்போது இல்லை. கேட்டால் ஆச்சரியப்படுவாய், போன வாரத்தோடு அவர் வேறு ஆள். இதே அறந்தாங்கியில் டீ குடிக்க நிறுத்தினோம். அவர் இறங்கிப் போனார். நான் உள்ளேயே இருந்து, டீக் கொட்டகைக்காரனுக்கு நெற்றிப் பலகை விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் அவர் வந்து ஏறினதைக்கூடக் கவனிக்கவில்லை. லாரி கிளம்பியதும் திரும்பிப் பார்த்தேன், ஓட்டிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து என்ன ஓட்டம் என்கிறாய். கண் சிவப்பு இல்லை. சூரியன் நேர் எதிரே நிற்கிறது, இமைகூடத் தட்டவில்லை. தூக்கம் கேட்பதில்லை. சோறு கேட்பதில்லை. பங்குனி விரதம் போல, நான் கேட்கவில்லை.

பேச்சுத்தான் குறைந்துவிட்டது. குறைந்தது என்ன, இல்லை. அதனால் என்ன, நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறேன். முன்பெல்லாம் "அதெல்லாம் இல்ல மாமா, நீங்க கூட்டிச் சொல்றீங்க" என்று குறுக்கே வெட்டுவார். இப்போது கடைசி வரை கேட்கிறார். இப்படி ஒரு ஆள் எனக்கு வாய்த்ததே இல்லை.

உனக்கு ஒரு வரி எழுதச் சொல்லி இந்தக் காகிதத்தை நீட்டினேன். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. தொழில் பக்தி.

இப்படிக்கு,
நல்ல டிரைவர் வாய்த்த ஆண்டிச்சாமி


ஆவூர்
28-3-1956

மாமா அவர்களுக்குச் செங்கமலம் எழுதுவது. உங்கள் கடிதம் இன்று வந்தது. படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உங்கள் மாப்பிள்ளை இங்கே இருக்கிறார்கள் மாமா. உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். நடந்தும் பஸ்ஸிலுமாக, நெருப்புக் காய்ச்சலோடு வந்து வாசலில் விழுந்தார்கள். இன்றுதான் கஞ்சி இறங்குகிறது. அறந்தாங்கியில் டீ குடிக்க இறங்கியதாகவும், லாரி தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டதாகவும் சொல்கிறார்கள். அதற்கு மேல் கேட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஆளை நடு ரோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டு, எனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவேன் என்று இப்படி எழுதுகிறீர்களா? சண்டை போட்டீர்களா? எதுவானாலும் போகட்டும். காய்ச்சல்காரரை நீங்களே அனுப்பி வைத்ததாக நான் நினைத்துக்கொள்கிறேன். வேறு டிரைவர் வைத்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த டிரைவரை என் வீட்டுக்காரர் என்று எனக்கு எழுத வேண்டாம்.

செங்கமலம்


கட்டுமாவடி
2-4-1956

செங்கமலத்துக்கு மாமன் ஆசி. உன்னிடமிருந்து கடிதமே இல்லை. நான் வீட்டுப் பக்கம் போய் நாளாகிறது, வந்திருந்தால் அத்தையிடம் இருக்கும். நீ சுகமாக இருப்பாய் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

இங்கே எங்கள் செல்வாக்கு இன்னும் கூடியிருக்கிறது. கடற்கரையில் லாரியை நிறுத்தினால் மீன் கூடைக்காரிகள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி இடம் விடுகிறார்கள். கருவாடு ஏற்றிக்கொண்டு வந்தாலும் உள்ளே சாம்பிராணி வாசம்தான். நான் ஒன்றும் போடவில்லை. பழைய தேக்கின் குணம்.

உன் வீட்டுக்காரர் நிறம் வெளுத்திருக்கிறார். நிழலின் மகிமை. வெயில் படாத முகம் எப்படி இருக்குமோ அப்படி, மெழுகு மாதிரி. தாடிகூட வளரவில்லை, எங்கே எப்போது மழித்துக்கொள்கிறார் என்று நான் பார்க்கவில்லை.

இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறார். நேற்று நானாகப் பேசிக்கொண்டு வந்தேன். கடலை விலை, பக்கத்து லாரிக்காரன் பொறாமை, எல்லாம் சொன்னேன், அசையவில்லை. "மாப்ள, பங்குனி முடியப் போகுது. ஆவூருக்குப் போயி செங்கமலத்தப் பாத்துட்டு வந்துருவமா?" என்றேன். தலையை என் பக்கம் திருப்பினார். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. மெதுவாக ஒரு தடவை தலையாட்டினார்.

ஆகவே அடுத்த வாரம் வருகிறோம். வாசலில் நின்று பார்.

இப்படிக்கு,
ஆண்டிச்சாமி


ஆவூர்
6-4-1956

மாமா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் லாரியை விட்டு இறங்கிவிடுங்கள். பிறகு மற்றதைப் படியுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை இங்கே, என் எதிரே, பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாடி வளர்ந்திருக்கிறது. வெயிலில் கறுத்த முகம். நான் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அன்று பார்த்ததை அப்போதுதான் வாய் திறந்து சொன்னார்கள்.

"டீ கிளாஸக் கையில வச்சுக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன். லாரி கெளம்புது. மாமா உள்ள கைய ஆட்டிப் பேசிக்கிட்டே போறாரு. ஓட்டுறது நானு. என் சட்ட, என் போர்வ. நான்தான் ஓட்டிட்டுப் போறேன். அத எப்புடி ஒங்கிட்டச் சொல்லச் சொல்ற?"

அடைக்கலமேரி டீச்சர் ஊருக்குப் போய்விட்டு வந்தார். ஆசாரியை அழைத்து வைத்துக் கேட்டிருக்கிறார்கள். மாமா, நீங்கள் மாட்டியிருப்பது அரண்மனைப் பெட்டக மூடி இல்லை. தூம்பாவின் மூடி. நம்மில் செத்தவர்களைப் பாடையில் கொண்டு போகிறோம். சூசையபுரத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஊர் முழுவதுக்கும் ஒரே பெட்டி, அதற்குத் தூம்பா என்று பெயர். அதில் வைத்துக் கல்லறை வரை கொண்டு போய், ஆளைக் குழியில் இறக்கிவிட்டுப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவருவார்களாம். அந்த ஊரில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து செத்த எல்லோரும் அந்த மூடிக்குக் கீழேதான் போயிருக்கிறார்கள். நீங்கள் பார்த்த மெழுகு, மூடிமேல் ஏற்றிய மெழுகுவர்த்திகள் சொட்டியது. துண்டை எடுத்தது உங்களுக்கு இல்லை.

திரும்பி வரும்போது காலிப் பெட்டியை மூட மாட்டார்களாம். மூடியைத் தனியாகத் தூக்கி வந்து சுவரில் சாத்தி வைப்பார்களாம். "மூடிக்குக் கீழ எடம் காலியா இருந்தா அது ஆளத் தேடிக்கும்" என்கிறார் டீச்சர். "ஆள் எந்திரிச்சுப் போனா அந்த ஆள் மாதிரியே ஒண்ண வச்சுக்கும்." இதைச் சொல்லும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

இங்கே வர வேண்டாம் மாமா. அதை இங்கே கூட்டி வர வேண்டாம். நீங்கள் மட்டும் இறங்கி வாருங்கள்.

செங்கமலம்


கட்டுமாவடி
9-4-1956, சாயங்காலம்

செங்கமலம்,

உன் கடிதம் இரண்டும் ஒன்றாக வந்தன. அத்தை மெயில் பஸ் கண்டக்டர் திருப்பதி கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். முடித்துவிட்டு லாரியைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை நாளும் இறங்கின பிறகு நான் திரும்பிப் பார்த்ததில்லை. இறங்கினால் யாரிடமாவது பேச ஆரம்பித்துவிடுவேன், உனக்குத் தெரியும்.

லாரி சவுக்குத் தோப்பின் ஓரம் நிற்கிறது. டிரைவர் இடத்தில் அது இருக்கிறது. இடது பக்கம், என் இடத்தில், இன்னொருவன் இருக்கிறான். என் துண்டு, என் மீசை. கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் இருப்பது கேட்டுக்கொண்டிருக்கிறது. வாய் அசைவது தெரிகிறது, சத்தம் இங்கே வரவில்லை.

நான் கூட்டி எழுதுகிறவன். இதில் கூட்டவில்லை.

கடைக்காரனிடம் கேட்டேன். "தம்பி, அந்த லாரில யாரு இருக்காக?"

"என்னண்ணே, ஒங்க டிரைவரு, அப்பறம்" என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினான். பாதியில் நிறுத்திவிட்டான். பால் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் ஓலைத் தட்டியை இழுத்துக்கொண்டான்.

முதலில் காகிதத்தைப் பார்த்துத்தான் எழுத ஆரம்பித்தேன். தலையைக் குனிந்ததும் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன், நின்றது. மறுபடி குனிந்தேன், லாரி தோப்பை விட்டு ரோட்டுக்கு ஏறியிருந்தது. நிமிர்ந்ததும் நின்றது. மேற்கே, உன் பக்கம் பார்த்து நிற்கிறது. அதனால் இப்போது காகிதத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும், கூட்டிப் படித்துக்கொள்.

லாரிக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறது. நேராகக் கண்ணில் அடிக்கிறது. கையை நெற்றியில் வைக்கலாம், ஒரு கையில் பேனா, ஒரு கையில் காகிதம். கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்கப் பயமாக இருக்கிறது.

"நீங்களும் ஏறுங்கண்ணே, எடம் இருக்கு" என்கிறான் திருப்பதி. நான் ஏறினால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லை. பஸ்ஸைவிட இது முந்தி வந்துவிடும். கடிதம் மட்டும் வருகிறது. அவனே இறங்கி உன் கையில் கொடுப்பான்.

எவ்வளவு நேரம் இமைக்காமல் இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. பஸ் ஆவூர் போய்ச் சேருகிற வரைக்குமாவது இருக்கப் பார்க்கிறேன்.

மாப்பிள்ளையை விட்டு நகராதே. கதவைத் தாழ் போட்டுக்கொள். ஒரு லாரி வந்து நிற்கும். மாமன் வந்திருக்கிறேன் என்று ஒருவன் தட்டுவான். குரல் என் குரல்தான். லாரி ஓடின ஓட்டத்தைப் பற்றி, நிழலைப் பற்றி, வழியில் கிடைத்த மரியாதையைப் பற்றிச் சொல்லுவான். எல்லாம் என்னைப் போலவே சொல்லுவான். திறக்காதே.

நான் வந்தால் ஒன்றும் பேச மாட்டேன். வாசலுக்கு எதிரே வெயிலில் சும்மா உட்கார்ந்திருப்பேன். நீ பார்த்துக் கூப்பிடு.

ஆண்டிச்சாமி